நுரை அடங்கும் வரை

நஸியா சாக்லேட் செய்யக் கற்றுக்கொண்டது இட்லி மாவு அரைக்கிற கிரைண்டரில். யாராவது கேட்டுச் சிரித்தால் அவளுக்குக் கோபம் வராது. அமெரிக்காவில் சின்ன அளவில் சாக்லேட் செய்கிறவர்கள்கூட நம் பக்கத்து வெட் கிரைண்டரைத்தான் வரவழைத்து ஓட்டுகிறார்கள் என்று சொல்லுவாள். அது நிஜம்தான்.

அவள் கணவன் முஸ்தஃபாவுக்கு அரக்கோணத்தில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை. பழைய கிரைண்டர் ஒன்றின் மோட்டாரை மாற்றி, இரண்டு நாள் விடாமல் ஓடினாலும் சூடேறாதபடி அவளுக்குச் செய்து கொடுத்திருந்தான். கொக்கோக் கொட்டை ஆந்திராவில் ஏலூர் பக்கத்துத் தோப்புகளிலிருந்து லாரி பார்சலில் வரும். திருத்தணி ஸ்டேஷன் ரோட்டை ஒட்டிய சந்தில், வீட்டின் முன்னறைதான் பட்டறையும் கடையும். கொட்டையை வறுக்கும்போது முதலில் காடி வாசனை அடிக்கும், அப்புறம்தான் சாக்லேட் வாசனை வரும். சந்துக்காரர்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

சாக்லேட்டைவிட, டப்பாவுக்குள் அவள் போடும் சீட்டுக்குத்தான் ஆட்கள் அதிகம். உள்ளங்கை அகலச் சீட்டு. மேலே ‘தெரியுமா?’ என்று இருக்கும், கீழே ஒரு தகவல். மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் கொக்கோக் கொட்டையையே காசாக வைத்துச் சந்தையில் சாமான் வாங்கினார்கள். அதிலும் கள்ளக் காசு உண்டு, தோலுக்குள் மண்ணை அடைத்து ஏமாற்றினார்கள். சியாபாஸ் என்ற ஊரில் பூசை நேரத்தில் பெண்கள் சாக்லேட் குடிக்கக்கூடாது என்று தடை போட்ட பிஷப், சாக்லேட்டில் யாரோ கலந்த விஷத்தால்தான் செத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. மாயா மக்களின் கல்லறைப் பானை ஒன்றில் ஆயிரத்தைந்நூறு வருஷம் கழித்தும் சாக்லேட் கறை ஒட்டிக்கொண்டிருந்தது. கடித்துத் தின்கிற சாக்லேட் வந்து இருநூறு வருஷம்கூட ஆகவில்லை, அதற்கு முன்னால் அது குடிக்கிற பொருள்தான். இப்படி.

இரண்டு இடத்தில் படித்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுதுவாள். ஒரே ஒரு தடவை அது தவறியது.

ஆடிக் கிருத்திகை வாரம். ஊர் முழுக்கக் காவடி. கடையில் கூட்டம் நெரிந்தது. சீட்டு தீர்ந்துபோய், ஜெராக்ஸ் கடைக்கு ஓடினாள். ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம், அவளிடம் இருந்தது பதினோரு தகவல். “ஒரு கட்டம் காலியா இருக்குதே, அப்டியே போட்டுறவா?” என்று கேட்டான் கடைக்காரன். காலியாக விட அவளுக்கு மனசில்லை. கவுன்டரில் நின்றபடியே போனில் தட்டினாள்:

‘பழைய மாயா மக்கள், இறந்துபோனவரின் பெயரைச் சொல்லிக் கசப்புச் சாக்லேட் பானத்தை உயரத்திலிருந்து ஆற்றுவார்கள். நுரை அடங்கும் வரை அவர் கூடவே இருப்பார்.’

உயரத்திலிருந்து ஆற்றினார்கள் என்பது உண்மை. பழைய பானை ஒன்றில், ஒரு பெண் நின்றுகொண்டு கீழே இருக்கும் பாத்திரத்தில் ஊற்றுகிற படமே இருக்கிறது. நுரைதான் அவர்களுக்கு உசத்தி. மிச்சத்தை அவளே கதையாகக் கட்டினாள். எழுதிப் படித்தபோது நன்றாக இருந்தது. அத்தோடு மறந்தும் போனாள்.

ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம், ஐம்பது வயசிருக்கும் ஒருத்தர் கடை வாசலில் வந்து நின்றார். செருப்பை வெளியே கழற்றிவிட்டிருந்தார். வேட்டி ஓரத்தில் சேறு.

“ம்மா, ஒரு விஷயம் கேக்கணும். இந்த சாக்லேட்ட தண்ணில கரைச்சு ஆத்தனா நுரை வருது. ஆனா சீக்கிரம் அடங்கிடுது. அறுவது எண்றதுக்குள்ள அடங்கிடுது. இன்னும் கொஞ்ச நேரம் நிக்க இன்னா பண்ணணும்?”

டீக்கடை வைத்திருக்கிறார் போல என்று நினைத்தாள். தெரிந்த விஷயத்தை யாராவது கேட்டால் அவளுக்கு உற்சாகம் வந்துவிடும்.

“கொழுப்பு இருந்தா நுரை நிக்காதுங்கண்ணா. சாக்லேட்டு வேணாம், நான் கொக்கோ பவுடர் தர்றேன், அதுல கொழுப்பு கம்மி. கொஞ்சம் மக்காச்சோள மாவு சேத்துக்கோங்க. ரொம்பக் கொதிக்கக் கூடாது. ஆத்தறதவிட மத்தால கடைஞ்சா நல்லா நிக்கும். சாக்லேட்டு மொதல்ல வந்த மெக்சிகோ பக்கத்துலயும் பிற்காலத்துல மத்து மாதிரி ஒன்ன ரெண்டு கைக்கும் நடுவுல வெச்சு உருட்டித்தான் கடைஞ்சாங்க.”

அவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பவுடரை வாங்கிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தார். அன்றும் மத்தியானம்தான். முகம் இளைத்திருந்தது, ஆனால் கண்ணில் ஒரு மினுமினுப்பு.

“நல்லா நிக்குதும்மா. அறுநூறு வரைக்கும் எண்ணனேன். இன்னும் நிக்க வழி இருக்குதா? வூட்ல கேக்கறா.”

“யாருக்குங்கண்ணா இது? கடைக்கா?”

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார். மடித்து மடித்து நூலாய்த் தேய்ந்திருந்தது. பன்னிரண்டாவது கட்டம்.

அவர் பெயர் வேடியப்பன். ஊர் ஆர்.கே.பேட்டை தாண்டி, அம்மையார்குப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால். கரும்பு வெட்டு, மாந்தோப்பு வேலை என்று கூப்பிட்ட இடத்துக்குப் போகிறவர். மனைவி மணியம்மை பக்கத்துத் தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுப்பாள். ஒரே மகள் ஹேமாவதி, இருபத்து மூன்று வயசு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, கம்பெனி பஸ்ஸில்தான் தினமும் போய்வருவாள். சித்திரையில் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டாள். ஆடியில் படையல் போட்டபோது, கூட வேலை செய்த சுஜாதா என்ற பெண் ஒரு டப்பா சாக்லேட் கொண்டுவந்து வைத்தாள், ஹேமாவுக்கு அது உயிர் என்று. அந்த டப்பாவில் இருந்தது இந்தச் சீட்டு.

“என் சம்சாரம் படிச்சா. அன்னிக்கே பண்ணிப் பாத்தா. மொத நாளு ஒண்ணும் இல்ல, அவ தேய்க்கற எண்ணெ வாசன மட்டும் வந்துது. ரெண்டாவது நாளு பாய் நகர்ற சத்தம். இப்ப பேசறாம்மா. ‘நைனா’ன்னு கூப்புடறா. நுரை அடங்கனா சத்தமும் நின்னுடுது.”

நஸியா அந்த எழுத்தை இன்னொரு தடவை படித்தாள். சீட்டைக் கல்லாமேஜை மேல் வைத்தாள்.

“அண்ணா, என்ன மன்னிச்சிடுங்க. இது நெஜம் இல்ல. ஒரு கட்டம் காலியா இருந்துதுன்னு நானா எழுதனது. அப்படி எந்த ஊர்லயும் வழக்கம் கெடையாது. இனிமே பண்ணாதீங்க.”

அவர் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை, ஆச்சரியம்கூட இல்லை.

“நீ எழுதனா இன்னாம்மா, எவன் எழுதனா இன்னா? அவ வர்றா.”

பவுடர் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவர் வற்புறுத்தவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு சந்தில் நடந்து போனார்.

சாயந்திரம் முஸ்தஃபாவிடம் சொன்னாள். “துக்கத்துல இருக்கறவங்களுக்கு எது வேணா காதுல கேக்கும், நஸியா. நீ சொல்ல வேண்டியத சொல்லிட்ட. அந்தச் சீட்டு இன்னும் இருந்தா கிழிச்சுப் போடு.” மீந்திருந்த தாள்களில் அந்தக் கட்டத்தை மட்டும் தேடித் தேடி வெட்டி எடுத்து, அடுப்பில் போட்டாள். எரிந்துதான் போயின.

ஆறாம் நாள் பதினோரு மணிக்கு வேடியப்பன் வந்தபோது உள்ளே வரவில்லை. சந்து முனையிலேயே நின்றிருந்தார். பால்காரன்தான் வந்து சொன்னான், உங்களைத் தேடி ஒருத்தர் நிக்கிறார் என்று. அவள் போனாள்.

“மிச்சமிருந்த பவுடர்ல நேத்து மத்தியானம் கடைஞ்சதும்மா,” என்றார். உதடு காய்ந்திருந்தது. “இன்னும் நுரை அடங்கல.”

நஸியாவுக்கு முதலில் புரியவில்லை.

“ராத்திரி பூரா நின்னுது. காலைலயும் நிக்குது. அவ போவ மாட்டேங்கறா. போவ முடியல போல. என் சம்சாரம் எழுந்திரிக்க மாட்டேங்கறா. எனக்கு யாருகிட்ட போறதுன்னு தெரியல. நீ எழுதனது, நீ வந்து பாரு.”

முஸ்தஃபாவுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. கிரைண்டரை நிறுத்தினாள், கதவைப் பூட்டினாள், பர்தாவைப் போட்டுக்கொண்டு அவரோடு பஸ் ஏறினாள். வழி முழுக்க துஆ ஒன்றை மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுடைய மார்க்கத்தில் இதற்கெல்லாம் இடம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் இறங்கித் திரும்பிப் போக அவளால் முடியவில்லை.

தெருவுக்குள் நுழைந்ததும் விசைத்தறிச் சத்தம் இரண்டு பக்கமும் இடித்தது. பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். வேடியப்பன் வீடு மூன்று தறி வீடுகளுக்கு நடுவே இருந்தது, ஒற்றை அறை, பின்னால் ஒரு சின்னத் தடுப்பு, அதற்குச் சேலைத் திரை. நஸியா வாசற்படி தாண்டிக் காலை உள்ளே வைத்தாள். தறிச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தாள். எதிர்வீட்டு ஜன்னல் வழியாகத் தறி ஓடுவது தெரிந்தது, நூலை இழுத்துக்கொண்டு நாடா போய்ப் போய் வந்தது. சத்தம் மட்டும் வாசலோடு நின்றுவிட்டது.

அறை நடுவில் மணியம்மை உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு பித்தளைக் குண்டான். பக்கத்தில் மத்து. அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கி, துணி சுற்றியிருந்தது.

குண்டானில் நுரை விளிம்புக்கு மேலே ஒரு சாண் எழும்பி நின்றது. காப்பிப் பொடி நிறம். நஸியா குனிந்து பார்த்தாள். இத்தனை வருஷம் சாக்லேட்டோடு புழங்கியவள், அப்படி ஒரு நுரையை அவள் பார்த்ததில்லை. ஒரு குமிழி உடையவில்லை. மொத்தமாக ரொம்ப மெதுவாக உயர்ந்தது, தணிந்தது, மறுபடி உயர்ந்தது. தூங்குகிற குழந்தையின் வயிறு அப்படித்தான் ஏறி இறங்கும்.

“மெல்லப் பேசு,” என்றாள் மணியம்மை, தலை நிமிராமல். “நீதான் சாக்லேட்டுக்காரம்மாவா? நல்லது பண்ண. உள்ளதான் இருக்கா.”

திரைக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி. அங்கே இரண்டு கால்கள் தெரிந்தன. கறுப்புக் கம்பெனி ஷூ. லேஸ் இறுக்கிக் கட்டியிருந்தது. நிற்கிற கால்கள். ஒரு கால் மாற்றி ஒரு கால், ஒரு கால் மாற்றி ஒரு கால், அவசரத்தில் இருப்பவர்கள் எடையை மாற்றி மாற்றி நிற்பது மாதிரி.

“ம்மா, நேரமாவுதும்மா. பஸ்ஸு வந்துடும்.”

சாதாரணக் குரல். காலையில் எந்த வீட்டிலும் கேட்கிற குரல். அதனால்தான் நஸியா ஓரடி பின்வாங்கினாள்.

“இருடி, இன்னும் நேரம் கீது,” என்றாள் மணியம்மை.

“நேரமாவுதும்மா. பஸ்ஸு வந்துடும்.”

“நேத்துலருந்து இதையேதான் சொல்லிகினு கீறா,” என்று வேடியப்பன் நஸியாவின் காதருகே சொன்னார். “மொதல்ல வேற வேற பேசினிருந்தா. சுஜாதாவ விசாரிச்சா. எங்கிட்ட மாத்திரை போட்டியான்னு கேட்டா. இப்ப இது மட்டுந்தான். உக்கார மாட்டேங்கறா. ராத்திரி பூரா நின்னுகினே இருந்தா.”

நஸியா மணியம்மைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

“அக்கா, அவங்க நிக்கறாங்க. கால் வலிக்கும்.”

“எனக்குத் தெரியாதா?” மணியம்மை முதல் தடவையாக நிமிர்ந்தாள். கண் இரண்டும் உள்ளே போயிருந்தன. “காய்ச்சலோட நாலு நாளு கெடந்தா. எந்நேரமும் ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னேன், உள்ள வுடல. கடைசியா அவ இன்னா பேசனான்னுகூட எனக்குத் தெரியாது. இப்ப எம் பொண்ணு எங்கிட்ட பேசறா. நுரைய நானா நிறுத்தி வெச்சேன்? அதுவா நிக்குது.”

“நேரமாவுதும்மா.” திரைக்குப் பின்னாலிருந்து. இந்தத் தடவை குரல் உடைந்தது. “லேட்டானா வுட்டுட்டுப் போயிடுவாங்கம்மா.”

நஸியா நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி எழுதி இங்கே கொண்டுவந்து நிறுத்தியது அவள். இன்னொரு வரி எழுதினால்தான் இது முடியும் என்று தோன்றியது. அது சரியா தப்பா என்று யோசிக்க நேரம் இல்லை.

“அக்கா, அந்தச் சீட்டுல எடம் பத்தல. பாதிதான் எழுதனேன். யாரு கூப்பிட்டாங்களோ அவங்க அத குடிச்சிடணும். நுரையோட, அடி வரைக்கும். குடிச்சாதான் வந்தவங்களுக்கு வழி.”

மணியம்மை அவளைப் பார்த்தாள்.

“இதுவும் நீ கட்டனதா?”

ஆமாம் என்றால் இந்தப் பெண் குடிக்க மாட்டாள். இல்லை என்றால் இன்னொரு பொய். நஸியாவின் வாயிலிருந்து வந்தது, “ஆங்” என்பதுதான். “இதுவும் நான் கட்டனதுதான், அக்கா.”

வேடியப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார். மணியம்மை திரைக்குக் கீழே தெரிந்த ஷூக்களைப் பார்த்தாள். வலது கால், இடது கால். பிறகு, வீங்கின கையாலேயே குண்டானைத் தூக்கினாள்.

“ஹேமா,” என்றாள். “டிபன் எட்த்துகினியா?”

“எட்த்துகினேன்மா.”

“பாத்துப் போ.”

குடித்தாள். சர்க்கரை இல்லாத வெறும் கொக்கோ, நஸியாவே இரண்டு வாய்க்கு மேல் குடித்ததில்லை. மணியம்மை மூச்சு விடாமல் குடித்தாள். நுரை அவள் மூக்கிலும் கன்னத்திலும் ஒட்டியது. பாதியில் இருமல் வந்தது. வேடியப்பன் குண்டானைப் பிடிக்கப் போனார், அவள் தோளால் தள்ளினாள். அடி வரைக்கும் குடித்துவிட்டுக் குண்டானைக் கவிழ்த்து வைத்தாள்.

சேலைத் திரை உள்பக்கமிருந்து ஒதுங்கியது. நஸியா கண்ணை மூடிக்கொண்டாள். அவளைத் தாண்டி யாரோ வேகமாகப் போனார்கள், பர்தாவின் ஓரம் அசைந்தது, தேங்காயெண்ணெய் வாசனை வந்து போனது. வெளியே, மெயின் ரோட்டில், பெரிய வண்டி ஒன்று பிரேக் போட்டு நின்றது. கதவு திறந்து மூடிய சத்தம். வண்டி கிளம்பிப் போனது.

உடனே தறிச் சத்தம் மூன்று பக்கத்திலிருந்தும் அறைக்குள் வந்து விழுந்தது.

“இந்நேரத்துக்கு இந்த ரோட்ல பஸ்ஸே கெடையாது,” என்றார் வேடியப்பன். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னார். தடுப்புக்குள் போய்ப் பார்த்தார். பாய் சுருட்டி வைத்திருந்தது. வேறொன்றும் இல்லை.

மணியம்மை இருந்த இடத்திலேயே சாய்ந்து படுத்துத் தூங்கிவிட்டாள். நஸியா ஒரு துணியை நனைத்து அவள் முகத்தில் காய்ந்திருந்த நுரையைத் துடைத்தாள். சாயந்திரம் முஸ்தஃபா பைக்கில் தேடிக்கொண்டு வந்து அவளை அழைத்துப் போகும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நடந்ததை அவனிடம் சொன்னாள். இந்தத் தடவை அவன், காதில் கேட்டிருக்கும் என்றெல்லாம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் கிரைண்டரைத் தொடவில்லை.

தை பிறந்து சில நாள் ஆனபின் மணியம்மை தனியாகக் கடைக்கு வந்தாள். உடம்பு தேறியிருந்தது. தறிக்கு நூல் சுற்றும் வேலைக்கு மறுபடி போவதாகச் சொன்னாள். நஸியா ஸ்டூலை எடுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்தாள். மணியம்மை குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன். நீ கட்டனது வேணாம். அந்த ஊர்க்காரங்க செத்தவங்களுக்கு நெஜமாவே இன்னா பண்ணுவாங்க? உனக்குத் தெரியுமா?”

நஸியா போனை எடுத்து, தான் படித்து வைத்திருந்ததைத் தேடினாள். தெரிந்ததைத்தான் சொல்ல வேண்டும், ஒரு சொல்கூடக் கூடாது என்று கவனமாகச் சொன்னாள். மெக்சிகோவில் நவம்பர் மாதம் பிறந்ததும் இறந்தவர்களுக்குப் படையல் வைப்பார்கள். போட்டோ வைத்து, விளக்கேற்றி, துலுக்கச் சாமந்தியை வாசல் வரைக்கும் தூவுவார்கள், வருகிறவர்களுக்கு வழி தெரிய. ரொட்டி வைப்பார்கள். பல ஊர்களில் சாக்லேட்டும் வைப்பார்கள்.

“எத்தினி நாளு?”

“ஒரு நாள், ரெண்டு நாள். அவ்ளோதான்.”

“அப்பறம்?”

“அப்பறம் அனுப்பிடுவாங்க அக்கா. திரும்ப அடுத்த வருஷந்தான்.”

மணியம்மை டம்ளரைக் கீழே வைத்தாள். மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

“ரெண்டு நாளுன்னு கணக்கா வெச்சிருக்காங்கன்னா,” என்றாள், “அங்கயும் எவளோ ஒருத்தி அனுப்பாம வெச்சுப் பாத்திருக்கா.”

ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்கு நேரம் ஆகிவிட்டதென்று எழுந்தாள். நஸியா சந்து முனை வரைக்கும் கூடவே போனாள்.